ஐந்தாமவன்

வகுப்பெடுக்கிறவர்கள் யாரும் சூடாகச் சாயா குடித்ததில்லை. கொண்டுவந்து வைப்பார்கள், எவனாவது ஒரு சந்தேகம் கேட்பான், பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆடை படிந்துவிடும். அதனால் இந்தச் சாயா ஆறிப்போனதற்காக வருத்தப்படாதீர்கள், சார். எனக்கு இப்படிக் குடித்துத்தான் பழக்கம்.

உங்களை சார் என்று கூப்பிடுவதில் எனக்குச் சங்கடம் ஒன்றுமில்லை. என் சட்ட வகுப்பில் ஜன்னலோரத்து பெஞ்சில் உட்கார்ந்து, கொலைக்கும் கொலையாகாத மரணத்துக்கும் வித்தியாசம் கேட்டால் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நீங்கள். இப்போது நாற்காலி உங்களுடையது, மரியாதை நாற்காலிக்கு. அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் மறக்கவில்லை என்பதும் தெரிகிறது. மறந்திருந்தால் என் வீட்டுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீசிடம் சொல்லும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. எனவே இங்கே நான் சொல்லப்போவது ஒத்திகை. கேட்டு முடித்ததும் என்னை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோங்கள், அங்கே மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன். போன தடவை மாதிரி, "வீட்டுக்குப் போங்க டீச்சரே, எந்த அம்மாவும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிடாதீர்கள். என் மகன் ஸ்வரூப் சப்ஜெயிலில் இருக்கிறான். என் மாணவன் சஜலை வெட்டிக் கொன்ற வழக்கில் அவன் ஐந்தாம் குற்றவாளி. அவன் அந்தக் கொலையில் இல்லை. நான் இருக்கிறேன். சொல்ல வந்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் நீங்கள் நம்புவதற்காக.

எங்கள் கட்சிப் பையன் ஒருவனை அடுத்த கட்சிக்காரர்கள் வெட்டியது மழை பிடிப்பதற்கு முன்பு. அவன் படம் இன்னும் பஸ் நிழற்குடையில் இருக்கிறது, முகம் மட்டும் மழையில் கரைந்துவிட்டது. நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த கட்சி வீடுகளில்தான் பயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பயம் இரண்டு பக்கமும்தான். அந்தப் பக்கத்து அம்மாவுக்கு யாரை வெட்டுவார்களோ என்று. இந்தப் பக்கத்து அம்மாவுக்கு யாரை அனுப்புவார்களோ என்று. ஸ்வரூப் வீட்டுக்கு வந்து மீன்குழம்பைத் தொடாமல் எழுந்துபோக ஆரம்பித்தான். கூப்பிட்டால் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது, சார்.

போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவனுக்குப் பால் சொசைட்டியில் வேலை வாங்கிக்கொடுத்தது கட்சி. அவன் அப்பா செத்தபோது தூக்கிப்போனதும் கட்சி. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் போகமாட்டேன் என்று சொல்வதற்கு இங்கே வார்த்தை கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பவித்ரன் வந்தார். கிளைச் செயலாளர், உங்களுக்குத் தெரியாதவர் இல்லை. புட்டும் கடலையும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"டீச்சரே, ஒரு சந்தேகம். பரீட்சைக் கேள்வின்னு வெச்சுக்கோங்க."

"பரீட்சை எழுதுறது யாரு?"

"என் மருமவன்தான்."

"உங்க மருமவன் வெல்டிங் பட்டறையில இருக்கான் பவித்ரேட்டா."

"ஏன், வெல்டிங் அடிக்கிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதா? நீங்க பதிலைச் சொல்லுங்க, அவன் பாஸாகுறானா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்."

இந்த ஊரில் என்னிடம் யாரும் சொந்தப் பெயரில் சட்டம் கேட்டதில்லை. மதில் தகராறானாலும் மனைவி தகராறானாலும் 'ஏ', 'பி' என்றுதான் ஆரம்பிப்பார்கள். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. நானும் எழுத்துகளுக்குப் பதில் சொல்லி அனுப்புவேன். கேட்டவனுக்கும் வெட்கமில்லை, சொன்னவளுக்கும் பொறுப்பில்லை. எங்கள் எல்லாருக்கும் சௌகரியமான ஏற்பாடு.

"ஏ, பி, சி, டி, ஈ. அஞ்சு பேரு. ஒரு சோலிக்குப் போறாங்க. இதுல இந்த 'ஈ'ன்னு இருக்கான் பாருங்க, அவன் தூரத்துல வண்டிக்குக் காவல் நிக்கிறான், அவ்வளவுதான். கத்தியத் தொடக்கூட இல்ல. அவனுக்கு என்ன கிடைக்கும்?"

ஸ்வரூப் சமையலறை வாசலில் தண்ணீர் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் தளும்பி அவன் காலில் விழுந்தது, அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 'ஈ' யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்சு பேர் ஒரே நோக்கத்தோட கூடிட்டா, ஒருத்தன் கையில இருக்கிற கத்தி அஞ்சு பேர் கையிலயும் இருக்கிற மாதிரிதான். வண்டி பாத்துக்கிட்டு நின்னவனும் கொலைகாரன். ஆயுள்," என்றேன்.

"நாலு பேருன்னா?"

"ஒவ்வொருத்தன் மனசுல என்ன இருந்துச்சுன்னு சர்க்கார் தரப்பு தனித்தனியா நிரூபிக்கணும். அது அவ்வளவு லேசு இல்ல."

"அப்ப, 'ஈ' வேண்டாங்கிறீங்க."

"கேள்வி அநாவசியத்துக்கு நீளமா இருக்கு. ஒரு எழுத்தக் குறைச்சா விடை சுலபம்."

பவித்ரன் சிரித்தார். "அதுக்குத்தான் படிச்சவங்க ஒருத்தராவது பக்கத்துல வேணுங்கிறது" என்று இன்னொரு குழல் புட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த இடத்தில் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைக்காமலில்லை. சொல்லியிருந்தால் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று புரிந்துகொண்டு அவர் எழுந்துபோயிருப்பார். கொலை நடந்திருக்கும், ஐந்து எழுத்தோடு. உங்களைக் கூப்பிட்டிருக்கலாம், எண் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டிருந்தால் ஸ்வரூப் காட்டிக்கொடுத்தவன் வீட்டுப் பையனாகிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு இங்கே என்ன ஆகும் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டாம். நான் ஒரு கொலையை உண்டாக்கவில்லை, சார். நடக்கப்போகிற ஒன்றிலிருந்து என் பையனை எடுத்துவிட்டேன். அப்போது அது எனக்கு மிக நியாயமாகப் பட்டது.

நாள் குறித்ததும் நான்தான். பவித்ரனுடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. முதல்நாள் சாயங்காலமே ஊரே அங்கே கூடும். "அன்னைக்கு வெச்சுக்கோங்க. 'ஈ' கல்யாண வீட்ல பிரியாணி பரிமாறட்டும், வீடியோக்காரன் நிக்கிற வரிசையாப் பாத்து" என்றேன். ஸ்வரூப்பிடமும் தனியாகச் சொன்னேன். அன்று போனைத் தொடாதே, யாரையும் கூப்பிடாதே, சிரித்த முகமாக இரு. அவன் தலையாட்டினான். யாரைப் பற்றிய பேச்சு இது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பவித்ரன் படியிறங்கும்போது மட்டும் திரும்பி, "டீச்சரோட சாயங்கால வகுப்பு மழையன்னைக்கும் உண்டுதானே?" என்று கேட்டார். உண்டு என்றேன். மாலை வகுப்பில் அந்தக் கட்சிப் பையன் ஒருவன்தான்.

சஜலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மாணவன். மற்றவர்கள் பிரிவு எண்ணை மனப்பாடம் செய்வார்கள், அவன் ஏன் என்று கேட்பான். அவன் யாரையும் வெட்டியவனில்லை. அவன் அண்ணன் அந்தக் கட்சியில் பெரிய ஆள், வெளியே வராத ஆள். கிடைக்காத அண்ணனுக்குப் பதில் கிடைக்கிற தம்பி. இதுவும் இங்கே யாரும் புதிதாகக் கண்டுபிடித்த கணக்கில்லை.

கொலை நடந்து சில நாளில் பவித்ரன் மறுபடி வந்தார். குற்றவாளிகள் என்று போலீசுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றார். அது எப்படி என்பது உங்கள் ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கிற சாயாக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். வெட்டியவர்களில் வேண்டியவர்களை ஒதுக்கிவிட்டு, வெட்டாதவர்களை வரிசையில் நிறுத்துவார்கள்.

"நம்ம ஸ்வரூப் பேரக் குடுக்கலாம்னு இருக்கோம்," என்றார்.

"அவன் அங்க இல்லவே இல்லையே பவித்ரேட்டா."

"அதுக்குத்தானே. அவனை மாதிரிச் சுத்தமா இன்னொருத்தன் கிடைப்பானா? வீடியோ இருக்கு. ஊரே பாத்திருக்கு. கேஸு நடக்கிறப்ப எடுத்து நீட்டினா, அவனோட சேர்ந்து மத்தவங்களும் வெளிய வந்துடுவாங்க. எல்லாம் நீங்க பண்ணி வெச்ச பந்தோபஸ்துதான் டீச்சரே, வீணாப் போகலாமா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே பாராட்டினார். நான் குறைத்த எழுத்தை அவர்களே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்வரூப் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனான். ஜாமீன் வரும், வழக்கு உடையும், கொஞ்சகாலம் பொறுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஷயம் அதோடு நின்றிருந்தால் இன்று நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதையும் மறைக்கவில்லை.

நீங்கள் போன் விவரத்தை எடுத்தீர்கள். கொலை நடந்த சாயங்காலம், கல்யாண வீட்டிலிருந்து, ஸ்வரூப் திரும்பத் திரும்ப சஜலைக் கூப்பிட்டிருக்கிறான். எங்கே இருக்கிறான் என்று வேவு பார்த்து வெட்டுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறான் என்று முடிவுகட்டினீர்கள். வீடியோவை நீட்டிய வக்கீலிடம், சதியில் பங்கெடுத்தவன் சம்பவ இடத்தில் இருக்க வேண்டியதில்லை என்றீர்கள். சரியான விடை. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். எல்லாரும் ஒருநாள் வெளியே வருவார்கள், சார். என் பையன் மட்டும் வரமாட்டான். பெயர் கொடுத்த ஐந்து பேரில் ஆதாரம் இருப்பது அவனுக்கு எதிராக மட்டும்தான்.

அவனும் வாய் திறக்கவில்லை. அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். பாசமான பையன் என்றீர்கள். ஏன் அப்படிச் சொன்னான் என்று நீங்கள் யோசிக்கவில்லை.

ஸ்வரூப்பும் சஜலும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாலிபால் டீம். இவன் பந்தைத் தூக்கிக்கொடுப்பான், அவன் அடிப்பான். கட்சி வந்து நடுவில் வலையைக் கட்டிய பிறகு பேச்சு நின்றுபோனது, எண்ணை மட்டும் இரண்டு பேரும் அழிக்கவில்லை. அது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. என் வகுப்பில் எல்லாருடைய போனும் மேசை மேலிருக்கும் பிரம்புக் கூடைக்கு வந்துவிடும். நீங்கள் படித்த காலத்தில் இது கிடையாது. சத்தமில்லாமல் ஒரு போன் மினுங்கியது. எட்டிப் பார்த்தேன். 'ஸ்வரூப் வாலி' என்று இருந்தது. நின்றது, மறுபடி மினுங்கியது. என் பையன் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. போனைக் குப்புறத் திருப்பி வைத்தேன். கொஞ்சநேரம் கழித்து, பேசிக்கொண்டே, அதை அணைத்தேன்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இதைக் கேளுங்கள். சஜலின் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்த போன் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தது. பச்சை எழுத்தில் பேக்கரி பெயர் போட்ட கவர். எந்தப் பேப்பரிலும் அது வரவில்லை. நான் காலையில் ரஸ்க் வாங்கிய கவர் அது. வகுப்பு முடிந்ததும் நானே சுற்றி அவன் கையில் கொடுத்தேன். "மழையில நனைஞ்சிடும், வீட்டுக்குப் போய்த் திற" என்றேன். அவன் தேங்க்ஸ் டீச்சர் என்றான்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், சார்.

தினமும் சஜலைக் கூட்டிப்போக அவன் மாமன் மகன் ஜீப்பில் வருவான். மூன்று நாலு பேர் கூட இருப்பார்கள். அந்த ஜீப்பில் ஏறிவிட்டால் அன்று ஒன்றும் நடக்காது. வகுப்பு முடியும் நேரத்தில் சஜல் கையைத் தூக்கினான். "டீச்சரே, குத்தம் நடக்கும்னு தெரிஞ்சும் சும்மா இருந்தவன், அவனும் குத்தவாளிதானா?" என்று கேட்டான். கடவுள் பெயரால் சொல்கிறேன், அவனாகத்தான் கேட்டான். பொதுவாக இல்லை, காப்பாற்ற வேண்டிய கடமை இருந்தால் மட்டும்தான் என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருக்கலாம். "நல்ல கேள்வி, நிதானமாச் சொல்றேன். ஜீப்பைப் போகச் சொல்லு, நான் ஆட்டோவுல உன்னை இறக்கி விடறேன்" என்றேன். அவன் வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மாமன் மகனுடைய வாக்குமூலத்தில் இது இருக்கிறது, உங்கள் கோப்பில் பாருங்கள். டீச்சரின் அக்கறை என்று நீங்கள் அதைப் படித்தீர்கள்.

நிதானமாகவே சொல்லிக்கொடுத்தேன். குளத்தில் மூழ்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வழிப்போக்கன் குற்றவாளியில்லை. அதே இடத்தில் நிற்பவன் அப்பாவாக இருந்தால் குற்றவாளி. பொறுப்பில் எடுத்துக்கொண்டவனாக இருந்தாலும் குற்றவாளி. அவன் கவனமாகக் கேட்டான். அப்புறம் எனக்குத் தலைவலி என்றும், நீ நடந்துபோய்விடு, மதில்களுக்கு நடுவிலுள்ள குறுக்குவழியில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றும் சொன்னேன். என் குடையைக்கூடக் கொடுக்கப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டான்.

ஏன் என்றுதானே கேட்கப்போகிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அன்று தப்பினால் இன்னொரு நாள் வைப்பார்கள். இன்னொரு நாளில் கல்யாணம் இருக்காது, வீடியோ இருக்காது. வரமுடியாதவன் எவனோ ஒருத்தனுக்குப் பதிலாக 'ஈ'யை மறுபடி கூப்பிடுவார்கள். ஸ்வரூப் பத்திரமாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான். நடப்பதென்றால் அன்றே நடந்து முடிய வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றுவரை இரவும் பகலும் தேடிப் பார்க்கிறேன், தெரியவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். அவன் அம்மா சுலோசனா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "உங்க வகுப்புன்னா காய்ச்சலோட கூடப் போவான் டீச்சரே" என்றாள். அந்தக் கையை என்னால் இப்போதும் உணரமுடிகிறது. அவள் அழுத அழுகையில் என் பையனுடைய பெயர் இல்லை என்று நிம்மதியாக இருந்தது. அப்படியும் ஒரு நிம்மதி இருக்கிறது, சார்.

இன்னும் ஒன்று பாக்கி. சதிக்கும் உடந்தைக்கும் மனம் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் மனத்தை நிரூபிக்க உங்களுக்கு ஒன்று வேண்டும். ஸ்வரூப்பின் போன் விவரத்தில், சஜலைக் கூப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னால், ஓர் அழைப்பு என் எண்ணுக்கு வந்திருக்கிறது. அது எடுக்கப்பட்ட அழைப்பு. மகன் அம்மாவைக் கூப்பிடுவதில் யாருக்கும் சந்தேகம் வராது, நீங்களும் கேட்கவில்லை.

வகுப்புக்கு நடுவில் வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். கல்யாண வீட்டுச் சத்தம், அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"அம்மா, சஜலைத்தான். சஜலைத்தான் அம்மா. அவனை வெளிய விடாதீங்க. ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சுக் கதவைப் பூட்டுங்க. நான் எப்படியாவது இவங்க கண்ண மறைச்சு அங்க வந்துடறேன்."

"நீ வராதே. அங்கயே வரிசையில நில்லு."

"அவன் ஒண்ணும் பண்ணலம்மா."

"தெரியும். நான் பாத்துக்கிறேன் மோனே. அவனை எங்கிட்ட விட்டுரு."

"சத்தியமா?"

"சத்தியம்."

பொறுப்பில் எடுத்துக்கொண்டவள். கடமை உண்டு. விடை உங்களுக்கே தெரியும்.

போன வாரம் சப்ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "நான் கூப்பிட்டப்ப அவன் வகுப்புல இருந்தானாம்மா?" அதற்கு முன்பே போய்விட்டான் என்றேன். மாமன் மகன் சொன்னது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நான் கொண்டுபோயிருந்த பலாப்பழ அடையைத் தொடவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று வார்டனிடம் சொல்லியனுப்புகிறான். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டான், என் முகத்தைப் பார்க்கவும் மாட்டான். ஆயுள் முழுக்க அப்படியே உள்ளே இருந்துவிடுவான் என்று எனக்குத் தெரிகிறது. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. என்னை எடுத்துக்கொண்டு அவனை வெளியே விடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

நினைத்துப் பாருங்கள் சார். அத்தனை பேர் நடுவில், பவித்ரனுடைய ஆட்கள் பக்கத்தில் நிற்கும்போது, ஒரு கையில் பிரியாணிக் கரண்டியோடு, விரோதக் கட்சிப் பையனைக் காப்பாற்ற என் மகன் ஒருத்தன்தான் போனை எடுத்திருக்கிறான். அவனை அப்படி வளர்த்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.